ஓடையோரத்து நிரை

போடிமெட்டுக்கு மேலே, தோட்டத்து வீடு
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: "நாளையிலிருந்து நீங்களும் உங்க ஆளுகளும் வர வேண்டாம்." கங்காணி செல்லக்கிளி அக்காவிடம் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் விஜயபாண்டி அண்ணன் ஹார்னை அமுக்கினார். "வெரசா ஏறுங்க ஆத்தா, மெட்டுல மேகம் எறங்குச்சுன்னா எனக்குப் பாதை தெரியாது" என்று வழக்கம்போலக் கத்தினார். எல்லோரும் ஜீப்புக்கு ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். அப்பா யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறாரா? அண்ணனுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? பாறைமேல் ஏறி நின்றால் போனில் இரண்டு கோடு வரும். ஆனால் அங்கே பேசினால் பள்ளத்தில் காய் எடுக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். எனக்கு அது ஆகாது. அதனால் கடிதம். ஆட்களை இறக்கிவிடும் ஜீப்பில், சாப்பாட்டுப் பையோடு இதுவும் சிலமலைக்கு வரும்.

நடந்தது இதுதான். ஓடையை ஒட்டிய ஒரு வரிசை ஏலச்செடிகளை, ஆட்கள் 'நிரை' என்பார்களே, அதை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். போன எடுப்பிலும் அதே வரிசைதான். காய் பழுத்து நிற்கிறது. இன்னும் விட்டால் வெடித்து, எலிக்கும் அணிலுக்கும்தான். நான் இறங்கிப் போய், "ஏன் இதை விட்டீங்க?" என்று கேட்டேன். பதினைந்து பெண்களும் கையை நிறுத்தினார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். செல்லக்கிளி அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "பாப்பா, ஈரத்துல நிக்காத, அட்டை ஏறும். நீ ஸ்டோருக்குப் போ. இத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, மதினி. அப்பா இடுப்பு ஒடிந்து கீழே இறங்கியதும், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வந்துவிட்டாள், இவளுக்கு என்ன தெரியும் என்று ஆழம் பார்க்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் "பாப்பா" என்று கூப்பிட்டு, என்னைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அனுப்புகிறார் ஒரு கங்காணி. மேல் தோட்டத்து பால்பாண்டி அண்ணன் வேறு ஒரு ஜீப்பு ஆட்களைத் தருகிறேன் என்கிறார். ஐப்பசிக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம். அவர்கள் வந்தால் செல்லக்கிளி அக்காவின் ஆட்களுக்கு இந்த வருஷம் வேறு தோட்டம் கிடைக்காது. எல்லா இடத்திலும் ஆள் நிறைந்துவிட்டது. அது ஒன்றுதான் என் வாயைக் கட்டியது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முத்துப்பிரியா


சிலமலை
2 செப்டம்பர்

முத்துவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா கம்பை ஊன்றி வாசல்வரை வந்துவிட்டார். வந்ததும், "தோட்டத்துல என்ன தகவல்?" என்றார். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உன் அண்ணனுக்கு இளைப்பு குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீ போட்டுக்கொண்டு போன பச்சை ஸ்வெட்டர் தன்னுடையது என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். சாம்பிள் தட்டு வைப்பது என் சோலி. தட்டில் காய் இருக்கும், லாட் நம்பர் இருக்கும். அது யார் தோட்டம், அந்த ஆள் யோக்கியனா, போன தடவை என்ன செய்தான், எதுவும் தட்டில் இருக்காது. வாங்க வருகிறவர் கிள்ளிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், உள்ளங்கையில் உருட்டுவார். விலை அதற்கப்புறம்தான். உன் கடிதத்தில் விலை முதலில் நிற்கிறது, காயைக் காணோம்.

"ஆழம் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஆழம் பார்ப்பதை நீ எப்படிப் பார்த்தாய்?

உன் கண்ணில் பட்டதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. அதுவரை யாரையும் நிறுத்தாதே. இதை எனக்காகச் செய். ராத்திரி காதை மூடிக்கொண்டு படு, அந்தக் குளிர் காது வழியாகத்தான் ஏறும்.

ஜோதி


தோட்டத்து வீடு
9 செப்டம்பர்

அன்பு மதினி,

நலமாக இருக்கிறேன். ஸ்வெட்டரைத் தரமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இங்கே நாள் முழுக்க நூல்மழை. கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாம் அப்பளம்போல நெளிந்துவிட்டன. காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு பலகை போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது எதைத் திறந்தாலும் ஏலக்காய் வாசம்.

கண்டதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன்: அவர்கள் வேண்டுமென்றே அந்த வரிசையைத் தாண்டிப் போனார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள், என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி அக்கா மதிக்காமல் பதில் சொன்னார்.

திரும்பப் படித்தால் இதிலும் விலைதான் இருக்கிறது. வேண்டுமென்றே என்பதை நான் காணவில்லை. மதிக்காமல் என்பதையும் காணவில்லை. சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். பொறுப்பில் இருக்கிறவள் எல்லாவற்றுக்கும் சாட்சி தேடிக்கொண்டிருந்தால் எப்போது முடிவெடுப்பது? மழையும் நிற்காது, பழமும் நிற்காது. ஒரு பார்வையில் ஆளை எடை போடத் தெரியாதவளை யார் மதிப்பார்கள்? நான் படித்ததில் பாதி, தயங்கியே அழிந்தவர்களின் கதை.

சீக்கிரம் பதில் எழுதுங்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் பேச முடிகிறது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

முத்துப்பிரியா


தோட்டத்து வீடு
25 செப்டம்பர்

மதினிக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் ஜீப்பு வந்ததும் சாப்பாட்டுப் பையைத்தான் முதலில் துழாவுகிறேன். நேற்று பாறைமேல் ஏறி அண்ணனைக் கூப்பிட்டேன். "ஜோதி மதுரைக்குப் போயிருக்கா, ஏதோ சோலியாம்" என்றார். போன வாரமும் அதே மதுரை, அதே சோலி. என்ன சோலி என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நீயே கேட்டுக்க" என்றார்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அப்பா தோட்டத்தை என் பொறுப்பில் விட்டது உங்களுக்கு வருத்தமா? அண்ணனுக்குக் குளிர் ஆகாது, அதனால்தான் நான் வந்தேன். ஆனால் மகன் இருக்க மகளிடம் கொடுத்துவிட்டார் என்று ஊரில் பேசியிருப்பார்கள். நான் வந்தபிறகு உங்கள் கடிதம் குறைந்தது. நான் கேள்வி கேட்டு எழுதியதும் நின்றே போனது. இப்படியெல்லாம் நீங்கள் நினைக்கிறவர் இல்லை என்றும் தோன்றுகிறது. எதை நம்புவது?

இங்கே அந்த வரிசை அப்படியே நிற்கிறது. பால்பாண்டி அண்ணன் இப்போது இந்த மாதக் கடைசிக்குள்ளேயே பதில் கேட்கிறார்.

அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் வருகிறதா?

முத்துப்பிரியா


சிலமலை
30 செப்டம்பர்

என் தங்கமே,

எண்ணெய் தேய்க்கிற ஆள் வருகிறது, மாமா அவரைத் திட்டுகிறார், அவர் திரும்பத் திட்டுகிறார், கால் நன்றாகிவருகிறது. நான் சுகம். உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன், பால் பொங்கி வழிந்துவிட்டது. அதனால் அதை உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

உன் தட்டில் இருந்தது என்ன? பதில் வரவில்லை. அவ்வளவுதான். மகனுக்குக் கொடுக்காத வருத்தம், ஊர்ப்பேச்சு, என் மனசு மாறியது, இதெல்லாம் யார் கொண்டுவந்து வைத்தது? நீயே கொண்டுவந்து, நீயே விலை போட்டு, நீயே அழுதிருக்கிறாய். உன் அண்ணன் அந்தக் குளிரில் ஒரு ராத்திரி படுத்தால் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நீ போனதால் நான் தூங்குகிறேன். இது எனக்குத் தெரிந்த உண்மை, எழுதிவிட்டேன்.

மதுரைக்கு என்ன சோலியாகப் போகிறேன் என்பதை இப்போது எழுத மாட்டேன். சொல்லக் கூடாது என்று ஒரு வாக்கு. உன் மேல் உள்ள எதுவும் அதில் இல்லை.

பால்பாண்டி அண்ணனிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேள். கண்டதை எழுது, முத்து. என்னைப் பற்றி வேண்டாம். அந்த வரிசையைப் பற்றி. ஒருவேளை நீ அதை இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லையோ என்னவோ. தூரத்தில் நின்று கோபமாகத்தான் பார்த்திருக்கிறாய்.

தலைக்கு எண்ணெய் வை. சிக்கு விழுந்தால் யார் எடுப்பது?

ஜோதி மதினி


தோட்டத்து வீடு
4 அக்டோபர்

அன்பு மதினி,

பாலுக்கு மன்னிப்பு. வேறு ஒன்றுக்கும் மன்னிப்பு. எண்ணெய் வைத்தேன்.

ஆட்கள் போனபின் ஓடைப் பக்கம் தனியாக இறங்கினேன். கண்டது இது.

அந்த வரிசையில் காய் எடுக்கவில்லை. ஆனால் அதில் சருகும் கிடையாது. மற்ற வரிசைகளில் கணுக்கால்வரை கிடக்கிறது. காற்றில் சாய்ந்த தட்டைகளை யாரோ நாரால் கட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். செடியின் அடியில் ஓடும் காய்ச் சரங்களைச் சேறு படாமல் எடுத்து மேலே விட்டிருக்கிறார்கள். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு மரம்; அதன் கிளையில் கோடு போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்று தொங்குகிறது, காய் எடுக்கிறவர்கள் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வார்களே, அது. போன வாரம் அதில் சேறு இருந்தது. இப்போது துவைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு யாரையும் நான் பார்த்ததில்லை.

முதல் கடிதத்தில் யாரோ சிரித்தார்கள் என்று எழுதினேன். யார், எதற்கு என்று எனக்குத் தெரியாது. செல்லக்கிளி அக்கா "பாப்பா" என்றார். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். வேறு எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

எழுதி முடித்துப் படித்தபோது, என் கோபம் உட்கார இதில் இடம் இல்லை. ஆனால் ஏன் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

உங்கள் மதுரைச் சோலி நல்லபடியாக நடக்கட்டும். கேட்க மாட்டேன்.

முத்துப்பிரியா


சிலமலை
7 அக்டோபர்

முத்து,

அனைவரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும்.

எடுக்காமல் விட்ட கையும் சருகு பொறுக்கிய கையும் ஒரே கைதானே? அப்படியென்றால் "ஏன் விட்டீங்க" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்கும்போதே குற்றம் நிரூபணமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. வேறு விதமாகக் கேட்கலாம். எப்படி என்று நான் எழுத முடியாது. நீ கண்டுபிடிப்பாய்.

கம்பளியை வெயிலில் போடு, வெயில் வந்தால்.

ஜோதி


தோட்டத்து வீடு
12 அக்டோபர்

அன்பு மதினிக்கு,

ரயிலில் போய் வந்த அலுப்பு தீர்ந்ததா? இங்கே இரண்டு நாளாக வெயில். கம்பளி, புத்தகம், நான் எல்லோரும் காய்ந்தோம்.

நேற்று மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. நின்றது, அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டில் கேட்டேன்.

"செல்லக்கிளி அக்கா, ஓடையோரத்து நிரை யாரோடது?"

அவர் கை வாய்க்குப் போகாமல் நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. சருகு பொறுக்கியிருக்கு, சட்டை தொவைச்சிருக்கு. யாரோ ஒருத்தரோடதுன்னு தெரியுது. யாருன்னுதான் தெரியல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆயம்மா நிரை, பாப்பா" என்றார். "மாருல கட்டி. நீ மேல வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. மதுரையில ஊசி போடுறாக. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. எங்க ஜீப்புல ஒரு பழக்கம். ஒருத்தி நிரையில இன்னொருத்தி கை வச்சா, அவ இனி வரமாட்டான்னு ஆயிரும். எடமும் போயிரும். அவளா வந்து 'எடுத்துக்க'ன்னு சொன்னாத்தான் உண்டு. அவ சொல்லல. 'நான் வர்றேன், ஏ நிரையத் தொட்றாதீக'ன்னுதான் சொல்லிட்டுப் போனா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? தெனம் காலைல ஜீப்பு நின்னதும் நீ வந்து தலையை எண்ணுற. எண்ணி முடிச்சு மூஞ்சியச் சுளிக்கிற. ஆத்தாடி, ஒரு ஆளு கொறையுறதப் பிள்ளை கண்டுக்கிருச்சு, ஆயம்மா பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போடப் போகுதுன்னு கெதக்குன்னு இருக்கும் எங்களுக்கு."

மதினி, காலைப் பனியில் என் கண்ணாடி மங்கிவிடும். கழற்றினால் எனக்கு ஆள் சரியாகத் தெரியாது. கண்ணைச் சுருக்கித்தான் எண்ணுவேன். அதைச் சொன்னேன்.

பிறகு இருளம்மாள், "அடி ஆத்தி! நம்மள மொறைக்குது மொறைக்குதுன்னு நடுங்குனமே, அதுக்குக் கண்ணே தெரியலையாம்ல!" என்றாள். சோறு சிந்தச் சிரித்தார்கள். நானும்தான். அன்றைக்குச் சிரித்தது யார் என்று கேட்டேன். அதுவும் இருளம்மாள்தான். நான் அதிகாரமாக நின்று கேள்வி கேட்டபோது என் பேண்ட்டில் ஒரு அட்டை முழங்காலைத் தாண்டிக்கொண்டிருந்ததாம். செல்லக்கிளி அக்கா அட்டை ஏறும் என்றது அட்டையைப் பற்றித்தான்.

"காய் வீணாப் போகுதே, என்ன செய்யச் சொல்ற?" என்று கடைசியில் அவரே கேட்டார். "விடணும்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல. ஐயா இல்லாதப்ப நீதான் சொல்லணும்."

சொன்னேன். "ஆயம்மாக்கா வர்ற வரைக்கும் அதை யாரும் தொட வேண்டாம்." மேல் தோட்டத்துக்கு நடந்து போய், ஆள் வேண்டாம் என்று பால்பாண்டி அண்ணனிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆயம்மாக்காவுக்கு வீட்டில் யாரும் இல்லையே, மதுரைக்குத் துணைக்கு யார் போகிறார்கள் என்றும் கேட்டேன். "ஒரு புண்ணியவதி போகுது" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டார் செல்லக்கிளி அக்கா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மெட்டுக் கடையில் கம்பளிக் குல்லா இரண்டு வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். ஒன்று உங்களுக்கு. சிவப்பு, ரயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்கிறவருக்கு. ஜன்னல் காற்று தலையில் அடிக்கும்.

முத்துப்பிரியா


சிலமலை
22 அக்டோபர்

முத்து,

எல்லோரும் சுகம். குல்லா இரண்டும் சரியாக இருக்கின்றன. சிவப்புக்குச் சொந்தக்காரி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "இதுல நான் வெள்ளைக்காரி மாதிரி இருக்கேன்ல?" என்றாள். ரயிலில் ஒரு பிள்ளை அதைப் பிடித்து இழுத்தது, அவளே கழற்றிக் கொடுத்துவிட்டாள். மொட்டைத்தலையைப் பார்த்து அந்தப் பிள்ளை அழவில்லை, தடவிப் பார்த்தது.

சத்தியம் வாங்கியிருந்தாள். தோட்டத்துக்குத் தெரிந்தால் இடம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். வேறு தோட்டங்களில் அப்படி நடந்ததை அவள் கண்டிருக்கிறாள். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று நான் சொன்னேன். "அது நீ நெனைக்கிறது ஜோதி, நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள். நான் உனக்குக் கீழே வேலை பார்த்ததில்லையே.

உன் முதல் கடிதம் வந்த அன்று, பதிலில் அவள் பேரை எழுதிவிட்டேன். எழுதி, அடுப்பில் போட்டேன். அப்புறம்தான் சாம்பிள் தட்டுக் கதையெல்லாம் சொன்னேன். நீ மாணவி, நான் வாத்தியார் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது.

இப்போது தெரிந்த பிறகு என் மேல் கோபம் உண்டா? இருந்தால் எழுது, இல்லை என்றாலும் எழுது. நானாக விலை போட்டுக்கொள்ள மாட்டேன்.

ஜோதி


தோட்டத்து வீடு
19 நவம்பர்

அன்பு மதினி,

நலம். கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமை உண்டு, ரயிலில் நான் இல்லையே என்று.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் எடுப்பு வேலை, அப்புறம் மழை. நான்கு நாள் ஜீப்பு ஏறவில்லை. ஐந்தாம் நாளும் நேரங்கழித்து வந்தது. விஜயபாண்டி அண்ணன் மெட்டுக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வந்து இறங்கினால் முழங்கைவரை சேறு. கொண்டை ஊசி வளைவில் விழுந்த கல்லை எல்லோருமாக உருட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். நல்லவேளை, வாயைத் திறக்கும் முன் கையைப் பார்த்தேன். என் முன்னேற்றம் இவ்வளவுதான். விலை இன்னும் முதலில்தான் வருகிறது. சொல்லாமல் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

அப்பா ஓடைப் பக்கத்து விளைச்சல் ஏன் குறைந்தது என்று கேட்டால், நான் விடச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆயம்மாக்கா இனி மலை ஏற முடியும் என்று நினைக்கிறீர்களா? வேண்டாம், நினைப்பதை எழுத வேண்டாம். டாக்டர் சொன்னதை எழுதுங்கள். அவர் என்ன கேட்கிறார் என்பதையும்.

அண்ணனுக்குப் பனி ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துப்பிரியா


சிலமலை
17 ஜனவரி 2025

முத்து,

பொங்கலுக்கு நீ வந்து போனபின் வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. மாமா கம்பு இல்லாமல் நடக்கிறார். உன் அண்ணன்தான் படுத்துவிட்டார், பனியில் இளைப்பு கூடிவிட்டது. பயப்படாதே, மருந்து கேட்கிறது.

டாக்டர் சொன்னது: ஊசி முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும். சின்ன வேலை செய்யலாம், பாரம் தூக்கக் கூடாது. பிழைத்துவிட்டாள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன், "பாக்கலாம்மா" என்றார்.

அவள் சொன்னது: "திங்கக்கெழமை ஜீப்புல எனக்கு எடம் போடச் சொல்லு."

நானும் அவளோடு வருவதாக இருந்தேன். இவரை விட்டு வர முடியாது. நீ பக்கத்தில் இரு. நடந்ததை மட்டும் எழுது. விலையை நான் போட்டுக்கொள்கிறேன்.

ஜோதி


தோட்டத்து வீடு
20 ஜனவரி

அன்பு மதினி,

அண்ணன் இன்று எப்படி மூச்சு விடுகிறார்? நான் சுகம். ஆயம்மாக்காவும் சுகமாகத்தான் வீடு வந்து சேர்ந்திருப்பார். இதை எடுத்துப் போகும் ஜீப்பு நாளைக்கு மாலை இறங்கும், அதனால் உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதி இது.

முன்சீட்டில் வந்தார். தலையில் சிவப்புக் குல்லா. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தலையை எண்ணினேன். பதினாறு. செல்லக்கிளி அக்கா கிளையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தார். வாங்கி, மோந்து பார்த்து, "எவடி தொவைச்சது? நீலம் கூடிப்போச்சு" என்றார் ஆயம்மாக்கா. போட்டுக்கொண்டார். தோள் தளர்ந்து தொங்கியது.

அவரால் குத்தவைத்து உட்கார முடியவில்லை. சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து எடுத்தார். ஒரு செடி முடித்து, சாக்கை நகர்த்தி, அடுத்த செடி. பழுத்தது நிறைய வெடித்துக் கிடந்தது. "அணிலு எனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கு" என்றார். மற்றவர்கள் அவரவர் நிரையை எடுத்தார்கள். யாரும் அவர் நிரைக்குள் கை நீட்டவில்லை.

நாலு மணிக்கு ஜீப்பு வந்தது. அவர் நிரையில் இன்னும் கால்வாசி இருந்தது.

"நாளைக்கு எடுத்துக்கிறலாம்ல?" என்றார் செல்லக்கிளி அக்கா.

"இன்னைக்கு எடுப்ப இன்னைக்குத்தான் எடுக்கணும்" என்றார் இவர்.

"நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ போயி கண்ணாடியத் தொடை, பாப்பா."

பெண்கள் ஜீப்பில் ஏறாமல் பாதையோரம் உட்கார்ந்தார்கள். மெட்டில் மேகம் இறங்கியது. விஜயபாண்டி அண்ணன் விளக்கைப் போட்டார். ஹார்ன் அடிக்கவில்லை.

இருட்டும்போது கடைசிச் செடியை முடித்தார். அவர் பையை நான் தூக்கி ஸ்டோரில் வைத்தேன். சட்டையைக் கழற்றி அதே கிளையில் மாட்டினார். நிரையை எடுத்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை. அவர் முன்சீட்டில் ஏறியபின் மற்றவர்கள் ஏறினார்கள். ஜீப்பு இறங்கிப் போனது.

முத்துப்பிரியா